மாத்திரையோடு வர வேண்டிய கேள்வி

திருத்துறைப்பூண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தே இருக்கிற முதியவர்கள் பலருக்கு இப்போது மாத்திரை வீடு தேடி வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ செய்த பெரிய காரியம் அது. ஆனால் மாத்திரை வந்தும் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்குவதில்லை. சர்க்கரை உள்ளவருக்கு இது சாதாரண விஷயமல்ல. சிறுநீரகம், கண், மூளை ஆகியவற்றின் நுண்ணிய ரத்தக் குழாய்களை இரண்டு நோயும் சேர்ந்தே அரிக்கின்றன. காரணம் தேடும்போது உப்பு, ஊறுகாய், கருவாடு வரை போகிறோம். அந்த மனிதருக்குப் பேச்சுத்துணை உண்டா, மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரிப்பதில்லை. அந்த விசாரிப்பும் சிகிச்சைதான் என்பது என் வாதம்.

கவலை நாள்கணக்கில் நீடித்தால் அட்ரினலின் ரத்தக் குழாய்களை இறுக்குகிறது; கார்ட்டிசால் சுரந்து, ஈரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் சேர்க்கிறது. அதைவிடப் பெரிய சேதம் அன்றாடப் பழக்கத்தில் நடக்கிறது. மனம் சோர்ந்தவர் மாத்திரையைத் தவறவிடுகிறார், நடையை நிறுத்துகிறார், தூக்கம் கெடுகிறது. ஓர் ஆளுக்காக உலை வைப்பானேன் என்று பழைய சோறும் ஊறுகாயுமாகப் பொழுதை ஓட்டுகிறார். டெல்டாவில் பிள்ளைகள் திருப்பூர், சிங்கப்பூர், வளைகுடா என்று பிழைக்கப் போயிருக்கிறார்கள். அறுவடை எந்திரம் வந்தபின் கூட்டமாக வயலில் இறங்கிப் பேசிக்கொண்டே செய்த வேலையும் குறைந்துவிட்டது. சென்னையில் 25 ஆயிரம் பேருக்கு மேல் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில் மனச்சோர்வு 15 சதவீதத்தினரிடம் காணப்பட்டது. துணையை இழந்தவர்களிடம் அது 20 சதவீதம்.

நோயால் மனம் தளர்ந்ததா, மனம் தளர்ந்ததால் நோய் முற்றியதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, கணக்கெடுப்பு மட்டும் அதைத் தீர்க்காது. ஆளைப் போய்ப் பார்த்தால் என்ன மாறுகிறது என்று சோதித்தவர்கள் இருக்கிறார்கள். இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் கிராமங்களில் ரத்தக் கொதிப்பு உள்ள 2,645 பேரிடம் நடந்த சோதனை 2020-இல் வெளியானது. அரசு சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசி, அளந்து, தேவைப்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டில் அப்படிப் பார்க்கப்பட்டவர்களின் ரத்த அழுத்த மேல் அளவு மற்றவர்களைவிட 5 புள்ளி அதிகம் இறங்கியது. பேச்சு மட்டும் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். மருத்துவர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. அதே ஆண்டு வெளியான இன்னொரு சோதனை, சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்த 404 பேரிடம் நடந்தது. மருத்துவர் அல்லாத ஒருவர் தொடர்ந்து விசாரித்து வழிநடத்தியபோது, மனச்சோர்வு பாதியாகக் குறைந்து கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது முன்னேறியவர்கள் 71.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 57.4 சதவீதம்.

வீடு நிறைய ஆள் இருந்தும் பிரஷர் ஏறுகிறதே என்பார்கள். ஆள் இருப்பது வேறு, ஆதரவு வேறு. சோற்றுத் தட்டை வைத்தே “இதைத் தின்னாதே” என்று மூன்று வேளையும் அதட்டும் வீட்டில் நோயாளி ஒளித்துத் தின்னத்தான் கற்றுக்கொள்வார். கூட உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுபவர்தான் துணை. அந்தத் துணை மாத்திரைக்கு மாற்று ஆகாது. மாத்திரை ஒழுங்காக உள்ளே போக வழி செய்யும்.

மாத்திரை கொடுக்க வரும் தன்னார்வலர் இரண்டே கேள்வி கேட்க அரசு நேரம் ஒதுக்க வேண்டும்: இந்த இரண்டு வாரமாக மனசு சோர்ந்து கிடக்கிறதா? எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் போனில் “மாத்திரை போட்டீங்களாப்பா” என்பதோடு இதையும் கேளுங்கள். ஆமாம் என்று பதில் வந்தால் சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவரிடமே சொல்லலாம்; 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.