பாட்டி பிறந்த ஊர்

"தங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று நம்மவர்களைக் கேட்டால், குடியிருக்கும் ஊரைச் சொல்லமாட்டார்கள். முப்பது வருஷமாகச் சென்னையில் வாசம் செய்பவர்கூடக் காவேரிக் கரையில் ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்வார். அங்கே அவருக்குக் காணி நிலம் இராது, வீடும் இராது. ஆனாலும் ஊர் மட்டும் அவருடையதுதான்! இந்த உரிமைக்கு ஆதாரம் என்ன என்று யோசிக்கும் சந்தர்ப்பம் சென்ற தை மாதத்தில் எனக்குக் கிடைத்தது.

என் பாட்டி பிறந்த ஊர் பொறையாறு. மாயவரம் என்று அவள் கடைசி வரையில் சொல்லிக்கொண்டிருந்த மயிலாடுதுறையிலிருந்து, மாமாவின் பிள்ளையும் நானும் சைக்கிளில் புறப்பட்டோம். அங்கிருந்து தரங்கம்பாடி வரையில் 1926-ம் வருஷத்தில் ரெயில் பாதை போட்டார்கள். பாட்டி சொன்ன கதைகளில் பாதி அந்த ரெயிலில்தான் நடக்கும். 1986-ல் அது நின்றுபோயிற்று. ஆகவே, ரெயில் செய்யவேண்டிய வேலையை எங்கள் கால்களே செய்யும்படி ஆயிற்று.

மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர் என்று பாட்டி வரிசை தவறாமல் ஒப்பிக்கும் ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தன. இரு புறமும் சம்பா நெல் முற்றித் தலை சாய்ந்திருந்தது. சில வயல்களில் அறுவடை யந்திரம் இறங்கியிருந்தது. திருக்கடையூர் வீதியில் சஷ்டியப்தபூர்த்தித் தம்பதிகள் மாலையும் கழுத்துமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இளம் மாப்பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு வெட்கம் இராது!

பொறையாற்றில் தெரு இருந்தது, வீடு இல்லை. அந்த இடத்தில் புதிய மாடி வீடு ஒன்று எழும்பியிருந்தது. எதிர் வீட்டுத் திண்ணையிலிருந்த மூதாட்டி, "யார் வீட்டுப் பிள்ளைகளப்பா?" என்று விசாரித்தாள். பாட்டியின் பெயரைச் சொன்னோம். அவளுக்கு நினைவு வரவில்லை.

"இனிமேல் நமக்கு இங்கே என்ன இருக்கிறது, அத்தான்? அடுத்த தடவை குழந்தைகளை அழைத்து வந்தால் எதைக் காட்டுவது?" என்றான் மாமாவின் பிள்ளை. எனக்குப் பதில் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் தில்லையாடிக்குள் நுழைந்தோம். தில்லையாடி வள்ளியம்மையின் தாயாருக்குச் சொந்த ஊர் அது. வள்ளியம்மை 1898-ல் ஜோஹன்னஸ்பர்க் நகரில் பிறந்தாள், வளர்ந்ததும் அங்கேதான். இந்தியர்களின் விவாகங்களைச் செல்லாதவையாக்கிய தீர்ப்பையும், ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளர்கள்மீது விதித்த மூன்று பவுன் தலைவரியையும் எதிர்த்து, 1913-ல் காந்தியடிகள் நடத்திய சத்தியாக்கிரகத்தில் தாயாருடன் சேர்ந்தாள். மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று, மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து கடும் சுரத்துடன் வெளியே வந்தாள். சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று காந்தியடிகள் கேட்டபோது, மறுபடியும் செல்லத் தயார் என்றே கூறினாள். 1914-ம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி காலமானாள். அப்போது அவளுக்கு வயது 16.

மறு வருஷம் இந்தியா திரும்பிய காந்தியடிகள் தில்லையாடிக்கு வந்தார். அவருடைய போராட்டத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள் அநேகர் கலந்துகொண்டிருந்தார்கள்.

வள்ளியம்மைக்குத் தில்லையாடியில் நிலமும் இல்லை; வீடும் இல்லை. தாயார் வாயால் கேட்ட ஊர்தான் அது. ஆயினும் தேசம் முழுவதும் அவளை அந்த ஊரின் பெயராலேயே அறிகிறது. ஊரும் அவளுக்கு ஒரு நினைவு மண்டபம் கட்டிப் போற்றுகிறது.

மண்டபத்து வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு இவ்வளவையும் மாமாவின் பிள்ளைக்குச் சொன்னேன். அவன் சிறிது நேரம் மௌனமாயிருந்தான். "பாட்டி அந்த ஸ்டேஷன் பெயர்களை எந்த வரிசையில் சொல்வாள், அத்தான்? குழந்தைகளுக்குச் சொல்லித் தர வேண்டும்" என்றான்.

வாசகர்களே, தங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார்கள். அவர்கள் பிறந்த ஊருக்குப் போகும் வழியை இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீடு விற்றுப்போயிருந்தாலும் பாதகமில்லை. விடுமுறையில் குழந்தைகளுடன் ஒரு முறை அந்த வழியே போய் வாருங்கள்.