பரிமளமும் லாகிரியும்

பேராக் மாநிலத்து ஈப்போவின் லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக்கடைக்குள் நுழைகிறவரை முதலில் எதிர்கொள்வது மிளகும் இலவங்கமும் கொத்தமல்லி விதையும் கலந்த வாடை; மாம்பழக் காலமாயிருந்தால், வாசலில் அடுக்கியிருக்கும் கூடைகளின் மணமும் அதனோடு சேர்ந்துகொள்ளும். மலேசியச் சட்டம் தூக்குமேடை வரையில் தண்டனை வகுத்திருக்கும் கஞ்சாச் செடியின் பரிமளத்தில் பெரும்பாகம் இந்த நிரபராதிச் சரக்குகளிலேயே சிதறிக் கிடக்கிறது என்று ரஸாயன சாஸ்திரம் சொல்லும்போது, நம்மில் பலருக்கு அது நம்பத்தக்கதாகவே தோன்றாது. ஆயினும் உண்மை அதுதான். மிளகுக்கும் இலவங்கத்துக்கும் காரநெடி தரும் காரியோஃபிலீன், சில ஜாதி மாம்பழங்களிலும் நாம் செராய் என்று அழைக்கும் எலுமிச்சைப் புல்லிலும் உள்ள மிர்சீன், கொத்தமல்லி விதையில் மிகுந்திருக்கும் லினலூல், ஆரஞ்சுத் தோலைப் பிதுக்கினால் பீறிடும் லிமோனீன் ஆகிய இவை யாவும் டெர்பீன் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை யாவும் கஞ்சாப் பூவிலும் இருக்கின்றன. இவற்றோடு, மூக்கைத் துளைக்கும் அந்தத் துர்நாற்றத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மம் ஒன்றும் மிகச் சொற்ப அளவில் கலந்திருப்பதை 2021ஆம் ஆண்டிலேதான் ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தார்கள். டுரியான் பழத்தின் வாசனையிலும் கந்தகச் சேர்மங்கள் உண்டாகையால், அந்த வகை நெடி பேராக் வாசிகளுக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

பெண்செடியின் பூங்கொத்தை ஒரு பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், சிற்றிலைகளின் விளிம்பெங்கும் பனி பெய்தாற்போல் ஏதோ படிந்திருப்பது தெரியும். கண்ணாடியின் சக்தியைக் கூட்டினால் அந்தப் பனி கலைந்து, மெல்லிய காம்பின் மேல் உருண்டைத் தலை தாங்கிய ஆயிரமாயிரம் சுரப்பிகளாக உருமாறும். ஒவ்வொரு தலையும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். இளமையில் பளிங்குபோலத் தெளிந்தும், பின்பு பால் நிறமாகியும், முற்றிய பிறகு தேன் நிறம் கொண்டும் காணப்படும். பரிமளத் தைலமும் லாகிரி தரும் பிசினும் உற்பத்தியாவது இந்தத் தலைகளுக்குள்ளேதான். மகரந்தம் படாத பெண்பூவில் இந்தப் பிசின் அதிகமாகச் சுரக்கும். இதை நன்கறிந்த வங்காளத்து நவோகாவ் வட்டாரப் பயிர்க்காரர்கள், சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டிலேயே, வயலில் ஆண்செடிகளைக் கண்டுபிடித்துப் பிடுங்குவதற்கென்றே கைதேர்ந்த ஆட்களை அமர்த்திக்கொண்டார்கள்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். ஊரெல்லாம் மணக்கும் அந்த வாசனைக்கும், அறிவை மயக்கும் வஸ்துவுக்கும் நேரடியான சம்பந்தம் இல்லை. மயக்குவது டி.எச்.சி. என்று சுருக்கமாக வழங்கும் டெட்ராஹைட்ரோகன்னாபினால். அதற்குச் சொல்லத்தக்க மணமே கிடையாது. விமான நிலையங்களில் மோப்பம் பிடிக்கும் நாய்கள் அறிந்துகொள்வது காரியோஃபிலீன் காற்றுப்பட்டு மாறிய ஆக்ஸைடின் வாடையைத்தானே தவிர, சட்டம் தேடுகிற வஸ்துவையன்று. 1960களில் ரபேல் மெக்கூலம் என்ற இஸ்ரேலிய ரஸாயனி, ஆராய்ச்சிக்காகப் போலீஸாரிடம் பெற்ற ஹஷீஷ் என்னும் 5 கிலோ லெபனான் கஞ்சாப் பிசினைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பிரயாணம் செய்தபோது, உடன் வந்தவர்கள் அந்த வாசனை எங்கிருந்து வருகிறதென்று கேட்டார்கள் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவரும் கவோனி என்பவரும் சேர்ந்து, டி.எச்.சி.யைத் தனியே பிரித்து அதன் அமைப்பை வெளியிட்ட ஆண்டு 1964.

பச்சைச் செடியில் டி.எச்.சி. அநேகமாக அமில ரூபத்திலேயே இருப்பதால், இலையைப் பறித்து அப்படியே மென்றால் பெரிய மயக்கம் ஒன்றும் நேராது. நெருப்பின் உஷ்ணம் பட்டவுடன் அந்த அமிலம் கரியமில வாயுவை உதறிவிட்டு வீரியமுள்ள டி.எச்.சி.யாக மாறுகிறது. நெடுநாள் வைத்திருந்த சரக்கிலோ, அந்த டி.எச்.சி.யே காற்றினால் சிதைந்து வீரியம் குறைந்த கன்னாபினால் என்ற வேறொரு பொருளாகிவிடும். 1890களில் கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்டு என்ற மூவர் சரஸ் என்னும் இந்தியக் கஞ்சாப் பிசினை ஆராய்ந்து பிரித்தெடுத்தது இந்தக் கன்னாபினாலைத்தான். உண்மையான குற்றவாளி அகப்பட அதற்கப்பால் எழுபது வருஷங்கள் சென்றன.

மூளைக்குள் நடப்பதைச் சொல்ல வேண்டுமானால், நம் தேகமே தனக்கென்று ஒரு சாந்தி மருந்தைத் தயாரித்துக்கொள்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1992இல் கண்டுபிடிக்கப்பட்டு, ஆனந்தமைடு என்று பெயரிடப்பட்ட அந்த வஸ்து, நரம்பணுக்களின் மேலுள்ள சி.பி.1 என்னும் ஏற்பிகளைத் தொட்டு, அவற்றின் பரபரப்பைத் தணித்துவிட்டு, க்ஷணத்தில் கரைந்துபோகிறது. டி.எச்.சி. அதே ஏற்பியில் போய் உட்கார்ந்துகொண்டு சீக்கிரம் எழுந்திருப்பதில்லை. இந்த ஏற்பிகள் ஞாபகத்துக்குரிய பகுதியில் மிகுந்திருப்பதால் சற்றுமுன் சொன்ன வாக்கியம் மறந்துபோகிறது, காலம் நீண்டு தோன்றுகிறது, பசி கிளர்கிறது, வாய் உலர்கிறது, இரத்தக் குழாய்கள் விரிந்து கண் சிவக்கிறது, நெஞ்சு வேகமாக அடித்துக்கொள்கிறது. சுவாசத்தை ஆளும் மூளைத்தண்டில் இந்த ஏற்பிகள் அரிதாயிருப்பது ஒரு பாக்கியம். அபினும் ஹெராயினும் மூச்சை நிறுத்திக் கொல்வதுபோல் கஞ்சா கொல்லாததற்கு அதுவே காரணம். ஆனால் சொற்ப அளவில் சாந்தமளிக்கும் இதே டி.எச்.சி., அளவு மிகுந்தால் பீதியையும் சந்தேகத்தையும் எழுப்பும் என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும்.

கஞ்சா வியாபாரம் சட்டபூர்வமான நாடுகளில், கடைக்காரர்கள் சரக்கை இண்டிகா என்றும் சட்டைவா என்றும் இரண்டாகப் பிரித்து, முன்னது அங்கங்களைத் தளர்த்தி நித்திரை தருவது, பின்னது உற்சாகமும் கற்பனையும் தருவது என்று விளக்கி விற்கிறார்கள். இந்தப் பாகுபாட்டுக்கு ஆதாரம் மெலிவானது. இண்டிகா என்று பெயரிட்டவற்றில் மண்வாசனையும் பழவாசனையும் கலந்த மிர்சீன் சற்று மிகுந்திருப்பது மெய். ஏறத்தாழ 300 மாதிரிகளைச் சோதித்து 2021இல் வெளியான ஓர் ஆராய்ச்சியும் அதையே காட்டியது. ஆனால் அதே ஆராய்ச்சி, இரண்டு பெயர்களுக்கும் செடியின் வம்சத்துக்கும் உள்ள சம்பந்தம் மிகவும் பலவீனமானது என்றும் காட்டிவிட்டது. மிர்சீன் உறக்கம் தருகிறது என்பதற்குச் சுண்டெலிகளுக்கு ஏராளமான அளவில் கொடுத்துப் பார்த்த பரீட்சைகளே சான்று. மனிதர் புகைக்கும் அளவில் அது உறக்கம் தருமென்று யாரும் நிரூபித்ததில்லை. ஆகவே ஒருவருக்குக் கிட்டும் அந்தத் தளர்ச்சி, டி.எச்.சி.யின் அளவு, அதை ஓரளவு மட்டுப்படுத்துவதாகச் சொல்லப்படும் சி.பி.டி. என்ற மற்றொரு கஞ்சாச் சேர்மத்தின் விகிதம், புகைப்பவரின் பழக்கம், இது சாந்தம் தரும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பிய மனம் ஆகிய எல்லாம் கூடிச் செய்த காரியமாகவே தோன்றுகிறது. கடைசியிற் சொன்ன காரணத்தின் பங்கு சிறிதன்று என்பது என் அபிப்பிராயம்.

தாவர நூலார் இண்டிகா என்ற பெயரை வைத்த வரலாறோ நம்மவரை நெருங்கியது. சொன்னேரா என்ற பிரெஞ்சு யாத்ரிகர் இந்தியாவில் சேகரித்த செடியைப் பார்த்து, லமார்க் என்ற பேரறிஞர் 1785இல் அதற்கு இண்டிகா என்று நாமகரணம் செய்தார். அவர் வர்ணித்த செடி, நெடிதாக வளர்ந்து ஒடுங்கிய இலைகளோடு நிற்கும் இந்தியக் கஞ்சா. இன்று இண்டிகா என்று விலைபோவதோ, ஹிந்துகுஷ் மலைச்சாரலில் குட்டையாகவும் அகன்ற கரும்பச்சை இலைகளோடும் வளர்ந்து, 1970களில் அமெரிக்காவுக்குப் போய்க் கலப்பினங்களுக்குத் தாயான ஆப்கானியச் செடி. தென்னிந்தியக் கஞ்சாவை இன்றைய கடைக்காரர் பார்த்தால் சட்டைவா என்றுதான் சீட்டு ஒட்டுவார்.

அந்த இந்தியக் கஞ்சா கடல் கடந்தது ஆச்சரியமன்று. ஜமேக்காவுக்கு அதை அழைத்துச்சென்றவர்கள் இந்திய ஒப்பந்தக் கூலிகளே. இந்தப் பக்கத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலக் கம்பெனியார் அபினுக்கும் சாராயத்துக்கும் போலவே கள்ளுக்கும், பாங்கு என்னும் கஞ்சா இலைச் சரக்குக்கும் குத்தகை விட்டு வரி வசூலித்தார்கள். பேராக்கில் ஈயச் சுரங்கங்களுக்குச் சீனரும், கித்தா மரங்களுக்குத் தமிழரும் வந்து சேர்ந்தபோது, சீனருக்கு அபின், தமிழருக்குக் கள் என்று லாகிரியும் இனவாரியாகப் பங்கிடப்பட்டது. விடியுமுன்னே பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து, உச்சிவேளையில் லயத்துக்குத் திரும்பிய மனிதனுக்கு எட்டும் தூரத்திலே கள்ளுக்கடையைத் தோட்டமே நிறுத்திவைத்திருந்தது. கஞ்சாவுக்கு அந்த ராஜமரியாதை கிடைக்கவில்லை. 1925இல் ஜினீவா உடன்படிக்கை இந்தியக் கஞ்சாவையும் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பிறகு கிடைக்கவும் வழியில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறி, லயத்து ஜனங்கள் பட்டணங்களின் ஓரத்துக்கு ஒதுங்கிய பின்பு, கள்ளைவிடக் கொடிய வஸ்துக்களெல்லாம் அவர்களுடைய பிள்ளைகளைத் தேடி வந்தன. அவற்றினிடையே கஞ்சா ஒரு சில்லறைத் தேவதையே.

ஈப்போவுக்கு அருகில் 1911இல் திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் மருத்துவமனையின் பெயர் நம் பேச்சில் பைத்தியத்துக்கே மறுபெயராகிவிட்டது. கஞ்சா குடித்தால் அங்கேதான் போய்ச் சேருவாய் என்று பெரியவர்கள் எச்சரிப்பதில் எவ்வளவு உண்மை? 1893இல் இந்திய சர்க்கார் நியமித்த கஞ்சா விசாரணைக் கமிஷன் ஏறத்தாழ 1,200 சாட்சிகளை விசாரித்து, பைத்தியசாலைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, நோய்க்குக் காரணம் கஞ்சா என்ற குறிப்புக்களில் பல, நோயாளியைக் கொண்டுவந்த போலீஸார் ஊகத்தில் எழுதியவை என்று கண்டது. மிதமாக உபயோகிப்பவருக்குப் பெருந்தீங்கில்லை என்றும் முடிவு கூறியது. அந்த முடிவை இக்காலச் சரக்குக்கு அப்படியே பொருத்துவது அபாயம். அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995இல் சுமார் 4 சதவீதமாயிருந்த டி.எச்.சி., கால் நூற்றாண்டில் 15 சதவீதத்தை எட்டியது, சி.பி.டி.யோ அருகிப்போயிற்று. இளம்பிராயத்திலே வீரியமான சரக்கை அடிக்கடி புகைப்பவர்களிடம் சித்தப்பிரமை மிகுதியாகக் காணப்படுகிறது என்பதைப் பல தேசத்து ஆராய்ச்சிகள் சொல்கின்றன. குடும்பத்தில் அந்நோய் உள்ளவர்களுக்கு அபாயம் பின்னும் அதிகம். பெரியவர்கள் மிகைப்படுத்தினார்கள்; பொய் சொல்லவில்லை.

மலேசியச் சட்டத்துக்கு இந்த நுட்பங்களில் அக்கறை இல்லை. 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம், கஞ்சா இனத்துச் செடியின் எந்தப் பாகத்தையும், அது எந்தப் பெயரால் வழங்கப்பட்டாலும், கஞ்சா என்றே கொள்கிறது. ரஸாயன இலாகாவின் நிபுணர் செய்வதும் அதற்கேற்ற சோதனையே: இலையின் மேல் கரடி நகம்போல் வளைந்து நிற்கும் சுண்ணாம்பு ரோமங்களை நுண்ணோக்கியில் பார்க்கிறார், ஐஸ்கிரீமுக்கு மணமூட்டும் வனிலின் கலந்த திரவத்தோடு அமிலம் சேர்த்துச் சாற்றில் விட, ஊதா நிறம் எழுந்து குளோரோஃபார்மில் இறங்குகிறதா என்று கவனிக்கிறார், பிறகு தராசில் நிறுக்கிறார். 200 கிராம் அல்லது அதற்கு மேலிருந்தால், வைத்திருந்தவர் விற்பனைக்காரர் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அல்லவென்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. வீரியமற்ற காய்ந்த சருகானாலும், பிசின் சொட்டும் பூவானாலும் அந்த 200 கிராம் ஒன்றுதான். 1983 முதல் இக்குற்றத்துக்குக் கட்டாயமாயிருந்த மரணதண்டனை, 2017இல் செய்த திருத்தத்தால் சிறிது தளர்ந்து, 2023 ஜூலை 4ஆம் தேதி முதல் நீதிபதியின் விவேகத்துக்கு விடப்பட்டது, தண்டனை ஒழிந்துவிடவில்லை. தூக்கு இல்லையென்றால் ஆயுள் சிறையும் பிரம்படியும் உண்டு.

பேராக்கின் வடகோடியில் பெங்காலான் ஹூலுவைத் தாண்டினால் தாய்லாந்தின் பெத்தோங். 2022 ஜூன் மாதத்தில் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கி, மூன்று வருஷம் கழித்து மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று மறுபடியும் கட்டிப்போட்டது. அந்த இடைக்காலத்தில் விடுமுறைக்கு அப்பக்கம் போன நம் இளைஞர்கள், பொட்டலத்தைவிட மிட்டாயையும் பிஸ்கட்டையும் சாதுவென்று எண்ணியதுதான் வருந்தத்தக்கது. புகையாக உள்ளே போகும் டி.எச்.சி. சில நிமிஷங்களில் தலைக்கேறி இரண்டு மூன்று மணியில் இறங்கிவிடும். தின்னும்போதோ அது கல்லீரலில் இன்னும் உக்கிரமான வேறொரு வடிவம் பெற்று, ஒரு மணியோ இரண்டு மணியோ கழித்தே தன் வேலையைத் தொடங்கி, ஆறு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். ஒன்றும் ஆகவில்லையே என்று அரைமணியில் இரண்டாவது துண்டையும் வாயில் போட்டுக்கொண்டவருக்கு, இரண்டும் ஒருசேர ஏறுகிற அந்த இராத்திரியில் சாந்தம் என்ற பேச்சுக்கே இடமிராது. மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு எல்லையைக் கடந்து திரும்பினால், மேலே சொன்ன சட்டமே அவரை எதிர்கொள்ளும். சீட்டில் இண்டிகா என்று அச்சிட்டிருந்ததா, சட்டைவா என்று அச்சிட்டிருந்ததா என்று அங்கே யாரும் படித்துப் பார்க்கப்போவதில்லை.