தொடக்ககால மோட்டார் வாகன மின்ஆளி: அமைப்பும் கலைச்சொல்லும்

ஆய்வுச்சுருக்கம்
தொடக்ககால மோட்டார் வாகனங்களின் சுவிட்சு எவ்வாறு வடிவமைக்கப்பட்டது என்பதை விளக்கி, அதன் தமிழ்க் கலைச்சொல்லைச் செயற்பாட்டின் அடிப்படையில் தெரிவுசெய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஆளி, மேக்னெட்டோ, தொடக்க மோட்டார், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை
1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஜி.டி. நாயுடு தம் பேருந்தைத் தாமே ஓட்டினார். 1961இல் தொடங்கப்பெற்ற லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் சென்னைப் பாடியில் வாகன மின்கருவிகளை உற்பத்தி செய்தது. வாகனத்தோடு அதன் கருவிகளுக்குரிய சொற்களும் தமிழகப் பட்டறைகளில் நிலைபெற்றன. தளவாய்புரம், இராசபாளையம் வட்டாரத்தில் வண்டி கிளம்பாதபோது இன்றும் 'செல்ஃப் எடுக்கவில்லை' என்பர். கையால் சுழற்றாமல் இயந்திரம் தானே கிளம்பும் புதுமையைக் குறித்த ஆங்கிலத் தொடரின் முற்பாதியே இச்சொல்.

இருவகை எரியூட்டல்
மின்கலத்தால் தீப்பொறி பெறும் இயந்திரத்தில் சுற்றைத் திறந்தால் இயக்கம் நிற்கும். உயர் அழுத்த மேக்னெட்டோவோ சுழலும்போது தானே மின்சாரத்தை உண்டாக்குகிறது. அதன் முதன்மைச் சுருளை வாகனச் சட்டத்தோடு இணைத்தால், அதாவது சுற்றை மூடினால்தான் இயந்திரம் நிற்கும். இரண்டையும் கொண்ட வாகனத்தில் ஒரே நெம்புகோல், 'நிறுத்தம்' என்னும் நிலையில் மின்கலச் சுற்றைத் திறக்கவும் மேக்னெட்டோச் சுற்றை மூடவும் வேண்டியிருந்தது.

மின்னோட்டமும் தொடுமுனையும்
சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்தொடக்கி 1912ஆம் ஆண்டுக் காடிலாக் வாகனத்தில் இடம்பெற்றது. மின்தொடக்கி பரவியபோது சுவிட்சின் சிக்கல் வேறானது. 6 வோல்ட் அமைப்பில் 21 வாட் விளக்கு 3.5 ஆம்பியர் மின்னோட்டம் கொள்ளும். தொடுமுனையின் மின்தடை 0.1 ஓம் எனில் இழப்பு 0.35 வோல்ட் மட்டுமே. தொடக்க மோட்டாருக்கு 200 ஆம்பியர் தேவை எனக் கொள்வோம். அதே தடை 20 வோல்ட்டை விழுங்கும். மின்கலத்தில் இருப்பதோ 6 வோல்ட். தடை 0.001 ஓம் எனில் இழப்பு 0.2 வோல்ட்டாகக் குறையும். ஆதலால் தொடக்கச் சுவிட்சு தடித்த செப்புத் தொடுமுனைகளுடன், குறுகிய கம்பித் தொலைவில், காலால் அழுத்துமாறு பல வாகனங்களின் தரையில் அமைக்கப்பட்டது. பின்னர் வரிச்சுருள் அவ்வேலையை ஏற்றது. ஓட்டுநரின் கைக்குச் சிறு பொத்தானே போதுமானதாயிற்று.

பொருத்தும் முறை
எபனைட் அல்லது பேக்கலைட் போன்ற மின்கடத்தாப் பொருளாலான அடித்தட்டில் பித்தளை முனைகள் திருகப்பட்டன. அவற்றின்மீது வெண்கல வில்தகடு உராய்ந்து நகரும். இவ்வுராய்வு ஆக்சைடு படலத்தைத் துடைக்கிறது. எரியூட்டுச் சுருளின் சுற்றைத் திறக்கையில் தொடுமுனைகளிடையே மின்வில் எழும். அதனால் கை மெல்ல நகர்ந்தாலும், சுருள்வில் தொடுமுனைகளை விரைந்து பிரிக்குமாறு அமைத்தல் நன்று.

கலைச்சொல்
தமிழகப் பள்ளி நூல்கள் இக்கருவியைச் 'சாவி' என்கின்றன. வாகனத்தில் இச்சொல் திறவுகோலோடு மயங்கும். 'விசை' இயற்பியலில் வேறு பொருளுடையது. 'துண்டிப்பி' போன்ற ஆக்கம் மேக்னெட்டோவுக்கு நேர்மாறாகும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் 'ஆளி' என்பது, ஆளுதல் என்னும் பொருளால் திறத்தல், மூடுதல் இரண்டையும் தழுவுகிறது. ஆளி சிங்கத்தையும் குறிக்கும். எனினும் 'மின்ஆளி' என்னும்போது அம்மயக்கம் நீங்கும்.

முடிவுரை
சுவிட்சு என்பது மின்சாரத்தை நிறுத்தும் கருவி மட்டுமன்று. சுற்றை ஆளும் கருவி. பொருளின் செயலை அறிந்தபின் ஆக்கும் சொல்லே வகுப்பறைக்கும் பட்டறைக்கும் பொதுவாக நிற்கும்.