கப்பல் வேலை: கையெழுத்துப் போடும் முன் தாளில் இருப்பது புரிய வேண்டும்



சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் தம் மகனின் கப்பல் வேலை ஒப்பந்தத்தோடு எங்கள் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். நான்கு பக்கமும் ஆங்கிலம். "சுக்கான் பிடிக்கும் வேலை" என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். தாளிலோ சமையலறை உதவியாளர் என்று இருந்தது, சம்பளமும் சொன்னதில் பாதி. பையன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டான். ஏஜெண்டிடம் கொடுத்த பணம் இன்னும் திரும்பவில்லை.

நம் வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டை, மரக்காயர்களின் பழைய கப்பல் ஊர். வெள்ளைக்காரர் கப்பல்களில் நம் நாட்டு மாலுமிகளுக்குச் 'சரங்கு' என்று ஒருவர் தலைவராக இருப்பார். கப்பித்தானின் உத்தரவை அவர்களுக்குப் புரியும் பேச்சில் சொல்வது அவர் பொறுப்பு. இன்று சர்வதேச விதிப்படி ஒவ்வொரு கப்பலும் ஒரு வேலைமொழியைத் தீர்மானித்துக் கப்பல் குறிப்பேட்டில் பதிய வேண்டும். பெரும்பாலும் அது ஆங்கிலம்தான்.

இதற்குக் காரணம் உண்டு. 1990 ஏப்ரலில் நார்வேயிலிருந்து டென்மார்க் சென்ற 'ஸ்காண்டினேவியன் ஸ்டார்' கப்பல் தீப்பிடித்து 159 பேர் இறந்தார்கள். ஊழியர் பலருக்குப் பயணிகளின் மொழியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. 2001-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, கப்பலில் பேச வேண்டிய சொற்றொடர்களை வகுத்துக் கொடுத்தது. 150 டிகிரியை 'ஒன், ஃபைவ், ஸீரோ' என்று தனித்தனி எண்ணாகத்தான் சொல்ல வேண்டும். சுக்கான் பிடிப்பவர் உத்தரவைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இலக்கண ஆங்கிலம் வராத பையனும் சில மாதம் வாய்விட்டுப் பழகினால் இது வந்துவிடும். பயப்படத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது ஒப்பந்த ஆங்கிலத்துக்கு. இந்தியா 2015-ல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும் பிறரிடம் ஆலோசனை கேட்கவும் மாலுமிக்கு அவகாசம் தர வேண்டும். கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஒரு பிரதி அவர் கையில் இருக்க வேண்டும். "இப்பவே போடு, நாளைக்கு விமானம்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் இதைச் சொல்லுங்கள். வேலை வாங்கித் தரக் கட்டணம் கேட்பதும் தவறு. மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் செலவு மட்டுமே நம்முடையது. விசாச் செலவு கப்பல் முதலாளியைச் சேர்ந்தது. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு மும்பை கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தாளில் முதலில் பார்க்க வேண்டியவை பதவி, சம்பளம், பிடித்தம், எத்தனை மாதம், ஊர் திரும்பும் செலவு யாருடையது என்பவை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் எல்லாப் பக்கங்களையும் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். வரி வரியாகத் தமிழில் வாசித்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ். பையனையும் கூட்டி வாருங்கள், கையெழுத்துப் போடப்போகிறவன் அவன்தானே.