ஆந்தை அலறினால் சாவு இல்லை, எலிக்குத்தான் ஆபத்து!
தோட்டத்தின் இரவுக் காவலனை விரட்டவும் வேண்டாம், கூண்டில் அடைக்கவும் வேண்டாம்

நள்ளிரவில் லயத்துக் கூரைக்கு மேலே ‘கிரீச்’ என்று ஓர் அலறல் கேட்கும். உடனே பாட்டி எழுந்து உட்கார்ந்து, “யார் வீட்டுக்குக் கேடோ?” என்பார். எத்தனை முறை அலறியது என்று எண்ணிப் பலன் சொன்னவர்களும் உண்டு. தாத்தா கல்லைத் தேடுவார். தோட்டத்தில் வளர்ந்தவர்களில் பலருக்கு ஆந்தை அறிமுகமானது இப்படித்தான். மலாய்க்காரர்களும் அதை ‘புரோங் ஹந்து’, அதாவது பேய்ப் பறவை என்றே அழைக்கிறார்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? வீட்டில் ஒருவர் கடுமையாக நோயுற்றுக் கிடந்தால், மற்றவர்கள் இரவெல்லாம் கண் விழித்திருப்பார்கள். தினமும் கத்துகிற ஆந்தை அன்றுதான் அவர்கள் காதில் விழும். விடிவதற்குள் நோயாளி இறந்துவிட்டால் பழி பறவை மேல் விழும். மற்ற நாட்களில் அது கத்தியபோது நாம் தூங்கிக்கொண்டிருந்தோம் என்பதை யாரும் நினைப்பதில்லை.

உண்மையில் அந்த அலறலுக்கு அஞ்ச வேண்டியது எலிதான்.

செம்பனையும் கூகையும்

இதய வடிவில் வெள்ளை முகமும் கறுப்புக் கண்களும் கொண்டது கூகை. தீபகற்ப மலேசியாவில் ஒரு காலத்தில் இது அரிதான பறவை. இங்கே அது கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது முதன்முதலாகப் பதிவானது 1968-இல், ஜொகூரில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில். ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை பரவிய காலம் அது. செம்பனைப் பழம் எலிக்கு விருந்து. எலி பெருகியது. எலியைத் தேடிக் கூகையும் பெருகியது.

ஆனால் ஒரு குறை இருந்தது. கூகை மரப்பொந்திலோ கட்டட மாடத்திலோதான் முட்டையிடும். செம்பனை மரத்தில் பொந்து கிடையாது. அதனால் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியேற்றும் முறை வந்தது. இன்றும் தோட்டங்களில் சிறிய வீடு போல உயரத்தில் நிற்கும் பெட்டிகளைப் பார்க்கலாம். ஏறக்குறைய பத்து ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

ஒரு கூகை ஜோடியும் அதன் குஞ்சுகளும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்பது இங்குள்ள தோட்டங்களில் ஆய்வு செய்தவர்களின் கணிப்பு. எப்படித் தெரியும்? ஆந்தை எலியை அப்படியே விழுங்கும். செரிக்காத எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கிவிடும். பெட்டிக்குக் கீழே கிடக்கும் அந்த உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் எலி எலும்புதான்.

இதில் நிர்வாகத்தின் லாபம் மட்டும் இல்லை. எலி பெருகும் இடத்தில் பாம்பும் வரும். எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல், ‘கென்சிங் திக்குஸ்’ என்று நாம் கேள்விப்படும் நோய், ஈரமண்ணில் வேலை செய்பவரைத்தான் முதலில் தாக்கும். கூகை பிடிக்கும் ஒவ்வோர் எலியும் தோட்டத்து மக்களுக்கும் ஒரு பாதுகாப்பு.

எலி மருந்தில் மறைந்திருக்கும் ஆபத்து

கூகைக்குக் கல்லை விடப் பெரிய எதிரி எலி மருந்து. பழைய மருந்துகளுக்கு எலிகள் பழகிப்போனதால் வீரியம் கூடிய மருந்துகள் வந்தன. அவற்றைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாட்கள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது கூகைக்கு எளிது. எலியின் ஈரலில் தங்கியிருக்கும் நஞ்சு கூகையின் உடலுக்கும் போகும். இங்குள்ள ஒரு தோட்டத்தில் மருந்து மாற்றப்பட்ட பிறகு கூகைகள் வெகுவாகக் குறைந்துபோனது 1980-களிலேயே பதிவாகியிருக்கிறது. பெட்டியும் வைத்து, வீரிய மருந்தையும் தூவினால், காவலாளியை வேலைக்கு வைத்து அவன் சோற்றில் விஷம் கலப்பது போலத்தான்.

கூகையை விடப் பெரியவை

நம் வட்டாரத்தில் கூகையை விடப் பெரிய ஆந்தைகளும் இருக்கின்றன. அவற்றில் மூன்றை அறிந்துகொள்வோம். மூன்றுமே ஏறக்குறைய அரை மீட்டர் நீளம் வரும்.

மீன் ஆந்தைக்கு மஞ்சள் கண்கள். காது போல நீண்ட இறகுகள். காலில் இறகு இருக்காது. ஆறு, குளம், மீன் வளர்ப்புக் குட்டை ஓரங்களில் மீன், தவளை, நண்டு பிடிக்கும்.

புள்ளிக் காட்டு ஆந்தைக்குத் தலை உருண்டை, காது இறகு இல்லை. முகம் செம்பழுப்பு, கண் கறுப்பு. பெரிய மரங்கள் நிற்கும் பூங்காக்களிலும் தோட்டங்களிலும் வாழும்.

நெஞ்சில் குறுக்கு வரிகளும் பக்கவாட்டில் சாய்ந்த நீண்ட காது இறகுகளும் கொண்டது கொம்பன் ஆந்தை. காடும் காட்டோரமும் அதன் இடம். பொதுவாக ஒரே ஒரு முட்டைதான் இடும். பெரிய மரத்தின் மேல் வளரும் பறவைக்கூட்டுப் பெரணியில் அது கூடு வைப்பதுண்டு. அந்த மரம் விழுந்தால் அந்த ஆண்டின் குஞ்சும் போயிற்று.

காகம் சொல்லும் பாடம்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் நகரிலோ பகலில் காகங்கள் கூட்டமாகக் கத்தி ஒரு மரத்தைச் சுற்றினால் அண்ணாந்து பாருங்கள். இலைமறைவில் ஓர் ஆந்தை உட்கார்ந்திருக்கலாம். பகலில் ஆந்தையைக் காகம் வெல்லும் என்பதைத் திருவள்ளுவரே ‘காலமறிதல்’ அதிகாரத்தில் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காகத்துக்கும் இங்கே ஒரு கதை உண்டு. நூறாண்டுகளுக்கும் முன்பு கிள்ளான் வட்டாரக் காப்பித் தோட்டங்களில் கம்பளிப்புழுவை ஒழிக்க இலங்கையிலிருந்து அது கொண்டுவரப்பட்டது. பின்னாளில் நகராட்சிகள் சுட்டுக் குறைக்க வேண்டிய அளவுக்குப் பெருகிவிட்டது. கூகையோ, எலி பெருகிய இடத்தில் தானாக வந்து பெருகியது. அதைத்தான் நாம் அபசகுனம் என்கிறோம்.

கூண்டில் ஏன் கூடாது?

ஒரு பக்கம் பயம்; இன்னொரு பக்கம் ஆசை. ஹாரி பாட்டர் கதைகள் பரவிய பின், அண்டை நாடான இந்தோனேசியாவின் பறவைச் சந்தைகளில் ஆந்தை வியாபாரம் பெருகியதை 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ‘புரோங் ஹந்து’ என்ற பெயரே மாறி, ‘புரோங் ஹாரி பாட்டர்’ என்று அங்கே விற்கிறார்கள். இந்தியாவில் தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்காக ஆந்தைகள் கொல்லப்படுகின்றன. வடநாட்டில் அதே ஆந்தை லட்சுமியின் வாகனம் என்பதுதான் வேடிக்கை.

வீட்டில் ஆந்தை வளர்ப்பது கிளி வளர்ப்பது போல் இல்லை. அதற்கு எலும்போடும் முடியோடும் முழு இரை வேண்டும். வெறும் கோழி இறைச்சி கொடுத்தால் எலும்பு பலமிழக்கும். நாம் தூங்கும் நேரத்தில்தான் அது விழிக்கும், கத்தும். மனிதர் கையில் வளர்ந்த குஞ்சு தன் இனத்தையே அறியாமல் போகலாம். பிறகு அதைக் காட்டில் விட்டாலும் பிழைப்பது கடினம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010 ஆந்தைகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அனுமதியின்றிப் பிடித்தாலோ வைத்திருந்தாலோ அபராதமும் சிறையும் வரும். பிள்ளைகளுக்கு ஆந்தையை அருகில் காட்ட வேண்டுமென்றால் கோலாலம்பூர் பறவைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நாம் செய்யக்கூடியது

ஆந்தைக் குஞ்சு தரையில் கிடந்தால் அநாதை என்று முடிவு கட்டாதீர்கள். பறக்கப் பழகும் குஞ்சு கீழே விழுவது வழக்கம். தாய் அருகில்தான் இருக்கும். காயம் இல்லையென்றால் பக்கத்துக் கிளையிலோ பெட்டியிலோ தூக்கி வைத்துவிட்டு, நாய் பூனையை விரட்டிவிட்டு விலகி நில்லுங்கள். நகம் கூர்மையானது, தடித்த துணியால் மூடித் தூக்குங்கள்.

அடிபட்டிருந்தால் காற்றுத் துளையுள்ள அட்டைப் பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். சோறு, பால் ஊட்டாதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

எலி மருந்து வைத்தே ஆகவேண்டுமென்றால், செத்த எலியை வெளியே கிடக்க விடாமல் எடுத்துப் புதைத்துவிடுங்கள். வீட்டளவில் எலிப்பொறியே மேல்.

இன்றிரவு கூரை மேல் அந்த அலறல் கேட்டால் கல்லை எடுக்காதீர்கள். பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையிடம், “பயப்படாதே, அது எலி பிடிக்க வந்திருக்கிறது” என்று சொல்லுங்கள். பாட்டியிடமிருந்து நமக்கு வந்த பயம் நம் பிள்ளைகளுக்குப் போக வேண்டாம்.