விளம்பரம் பார்த்து வந்தவரா, தானாக வந்தவரா?

'ஆவடி ஆரி வொர்க் கிளாஸ்' என்று கூகுளில் தேடினால் இரண்டு வகை முடிவுகள் வரலாம். 'ஸ்பான்சர்டு' என்ற அடையாளத்தோடு வருபவை காசு கொடுத்துப் போட்ட விளம்பரங்கள். மற்றவை கூகுள் தானாகக் காட்டுபவை. விளம்பரத்தை ஒருவர் க்ளிக் செய்தால் உங்களுக்குச் செலவு, மற்றது இலவசம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்பவரானாலும் சரி, பூந்தமல்லியில் வீட்டிலேயே கேக் செய்து விற்பவரானாலும் சரி, விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். நம் வெப்சைட்டுக்கு வந்தவர்களில் யார் எந்த வழியாக வந்தார்கள்?

இதைச் சொல்வதுதான் கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற கருவிகளின் வேலை. ஆனால், அவை தாமாக எதையும் ஊகிப்பதில்லை. கடைக்கு ஆள் கூட்டிவரும் ஆட்டோக்காரர் கையில் டோக்கன் கொடுத்து அனுப்பினால்தானே அவருக்குக் கமிஷன்? அதுபோல, விளம்பரம் வழியாக வருபவரின் இணைப்பு முகவரியில் ஓர் அடையாளம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால், 'தேடி, தானாக வந்தவர்' என்ற கணக்கில் அவர் சேர்ந்துவிடுவார்.

தவறினால் என்ன நஷ்டம்?

ஆவடியில் ஆரி வகுப்பு நடத்தும் ஒருவர் மாதம் 5,000 ரூபாய்க்கு விளம்பரம் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 பேர் விசாரிக்கிறார்கள். அதில் 12 பேர் விளம்பரம் பார்த்து வந்தவர்கள். அடையாளம் தொலைந்ததால் ரிப்போர்ட்டில் 2 பேர்தான் அப்படிக் காட்டப்படுகிறார்கள். 'ஓர் ஆளுக்கு 2,500 ரூபாயா!' என்று அவர் விளம்பரத்தை நிறுத்துகிறார். உண்மையில் ஆளுக்கு ஆன செலவு சுமார் 417 ரூபாய்தான். அடுத்த மாதம் விசாரிப்பவர்கள் 8 பேராகக் குறையும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

என்ன செய்யலாம்?

முதலில், கூகுள் விளம்பரக் கணக்கையும் அனலிட்டிக்ஸ் கணக்கையும் இணைத்து, 'ஆட்டோ டேகிங்' வசதியை ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு க்ளிக்கிலும் 'ஜிசிஎல்ஐடி' என்ற அடையாளம் தானாகச் சேரும். சில வெப்சைட்டுகள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் திருப்பிவிடும்போது இது உதிர்ந்துவிடும். உங்கள் தளத்தில் அது கடைசி வரை நிற்கிறதா என்று, தளத்தைச் செய்துகொடுத்தவரிடம் சோதிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, பிங் தேடலிலும் விளம்பரம் கொடுக்கிறீர்களா? கூகுளின் அடையாளம் அங்கே வராது. அந்த இணைப்புகளில் 'யுடிஎம்' குறியீடுகளைச் சேர்க்க வேண்டும். அதில் 'மீடியம்' என்ற இடத்தில் 'சிபிசி' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதுங்கள். அனலிட்டிக்ஸ் விதிக்கு இதுபோன்ற சில சொற்கள்தான் புரியும். நம் இஷ்டத்துக்கு 'தீபாவளி ஆஃபர்' என்று எழுதினால் 'பெய்ட் சர்ச்' கணக்கில் ஏறாது.

ஏற்கெனவே வேறு சொல்லைப் போட்டுவிட்டீர்களா? கவலை வேண்டாம். அட்மின் பகுதியில் 'சேனல் குரூப்ஸ்' சென்று, 'இந்தச் சொல் இருந்தால் விளம்பரம்' என்று சொந்த விதி எழுதலாம். பழைய கணக்குக்கும் அது பொருந்தும். ஆனால், அடையாளமே இல்லாமல் வந்தவரை எந்த விதியாலும் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

அதனால், அடுத்த மாத விளம்பரத்துக்குப் பணம் கட்டும் முன், 'டிராஃபிக் அக்விசிஷன்' ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்கள். விளம்பரக் கணக்கு 100 க்ளிக் என்று சொல்ல, இங்கே 'பெய்ட் சர்ச்' வழியாக 10 பேர்தான் என்றிருந்தால், கோளாறு விளம்பரத்தில் அல்ல, எண்ணும் முறையில் இருக்கலாம். அதைச் சரிசெய்த பிறகு, விளம்பரம் தொடர வேண்டுமா என்று முடிவெடுங்கள்.