விரிசலை அடைத்துப் பிறந்த விலங்குகள்

ஃபெலிப்பே ஆர்ச்சுலெட்டா தச்சர். 1910இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பிறந்து, டெசூக்கே என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர். சிற்பம் செய்ய அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 1960களில் தச்சு வேலை கிடைக்காமல் திண்டாடியபோது, பிழைக்க ஒரு வழி காட்டும்படி கடவுளை வேண்டினார். மரத்தைச் செதுக்கு என்று உள்ளே ஓர் உத்தரவு வந்ததாகச் சொன்னார். அந்தப் பகுதியில் மரத்தில் புனிதர்களைச் செய்வது தலைமுறை வழக்கம். அதற்குத் தனக்குத் தகுதியில்லை என்று கருதி, அவர் விலங்குகளைச் செய்யத் தொடங்கினார். முதலில் ஆடும் கழுதையும். பிறகு, படங்களில் மட்டுமே பார்த்த சிங்கமும் குரங்கும்.

அவர் கையில் எடுத்தது காட்டன்வுட். பாப்ளர் இனத்தைச் சேர்ந்த இது ஆற்றோரங்களில் வளரும். எடை குறைவு, மென்மை அதிகம், உளிக்கு எளிதில் இணங்கும்.

ஆனால் முழுக்கட்டை காய்ந்தால் வெடிக்கும். ஈரம் வற்றும்போது மரம் எல்லாப் பக்கமும் ஒரேபோலச் சுருங்குவதில்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இருமடங்கு, ஆண்டு வளையங்களின் சுற்றுவாக்கில் சுருங்குகிறது. அந்த இழுவிசை தாங்காமல் பட்டைப் பக்கம் அகன்று, நடுப்பக்கம் குறுகிய விரிசல்கள் விழுகின்றன.

பலர் ஒதுக்கிவிடும் அந்தக் கட்டையை ஆர்ச்சுலெட்டா விடவில்லை. மரத்தூளையும் பசையையும் பிசைந்து விரிசலில் அடைத்தார். வெறும் பசையாக இருந்தால் காயும்போது சுருங்கி உள்வாங்கும். தூள் கலந்தால் அதற்கு உடம்பு கிடைக்கிறது. தனியாகச் செதுக்கி ஆணியடித்துச் சேர்த்த கால்கள், தலை ஆகியவற்றின் மூட்டுகளையும் இதே கலவைதான் மறைத்தது. கடைசியில் வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட். பிடரிக்கும் வாலுக்கும் கயிறோ வைக்கோலோ போதும். திறந்த வாயில் பற்கள் வரிசையாக மிரட்டும்.

முரட்டு வேலை என்று இதைத் தள்ளுவது தவறு. பல்லாண்டு தச்சுப் பழக்கம் உள்ள கைக்கு மரத்தை வழுவழுப்பாக்கத் தெரியாதா? விலங்கின் உக்கிரம் அந்தக் கரடுமுரடான தோலில்தான் இருக்கிறது.

1991இல் அவர் மறைந்தார். மகன் லெராய் அதே தொழிலைத் தொடர்ந்தார். தந்தையின் விலங்குகள் இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. பார்க்க வாய்த்தால், முகத்தோடு நின்றுவிடாமல் மூட்டுகளையும் கூர்ந்து பாருங்கள்.